வலது கண்ணின் பிரசவத் தேதி

"கடைசியா விலக்கான தேதி இன்னா?" என்று கேட்டார் மருத்துவமனைக் குமாஸ்தா வீரமணி.

கேள்வி தனக்குத்தான் என்று ஆண்டாள் நினைத்தாள். ஐம்பத்தெட்டு வயதில் இதை வெளியாள் எதிரில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் நின்னு பத்து வருசம் ஆவுதுங்க" என்று மெல்லச் சொன்னாள்.

"உங்கள கேக்கலமா. பேஷண்ட்ட கேக்கறன்."

பேஷண்ட் அவளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெயர் உலகநாதன், வயது அறுபத்து நாலு. மடுகரையில் ரெண்டு காணி நெல்லும் ஒரு காணி கரும்பும் பயிர் வைக்கிறவர், ஆண்டாளுக்குத் தாலி கட்டியவர். மீசை இருந்தது. அவர் வந்த காரியம் வலது கண்.

"எனக்கா?" என்றார் உலகநாதன்.

"கம்ப்யூட்டர் கேக்குது பெரியவரே. நான் இன்னா பண்ணட்டும்" என்றார் வீரமணி. அவர் குரலில் கிண்டல் இல்லை. வீரமணி கெட்டவராக இருந்திருந்தால் ஆண்டாளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். அவரோ நல்லவர். மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்.

இந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. சொன்னால் கதையையும் சீல் வைத்துவிடுவார்கள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையில், மடுகரையிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. பீரோவுக்குள் கண்ணை ஒலியலையால் படம் எடுக்கிற கருவி இருக்கிறது. பீரோவின் கைப்பிடியில் சிவப்பு அரக்கு முத்திரை இருக்கிறது.

உலகநாதனுக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடியாமல் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கொல்கிற நோய். இடது கண் ரெண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. கரும்பு வெட்டு முடியட்டும், நடவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டதில் போன கண் அது. அந்த விஷயத்தில் ஆண்டாள் யாரையும் குறை சொல்வதில்லை, அவரைத் தவிர. மாசி மாதம் வலது கண்ணிலும் வலி வந்து வாந்தியும் எடுத்தபோது, அவள் ஒரு பேச்சும் கேட்காமல் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். லேசர் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கண்ணுக்குள் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எடுங்கள் என்றாள். கருவி இங்கே இல்லை, கிராமத்து மக்கள் சிரமப்படக் கூடாது என்று கிராமத்துக்கே அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

உண்மைதான். அனுப்பியிருந்தார்கள். ரிப்பன் வெட்டி, கருவியோடு நின்று எட்டுப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டு, அன்று மாலையே பீரோவில் வைத்து அரக்கு ஒட்டிவிட்டார்கள். ஏனென்றால் அது ஒலியலைக் கருவி. ஒலியலைக் கருவி எதுவானாலும் கர்ப்பத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கிற சட்டத்துக்குள் வரும் என்று அந்த வட்டாரத்து ஒலியலைக் கருவிகள் கண்காணிப்புக் குழு முடிவெடுத்திருந்தது. சட்டம் நல்ல சட்டம். பெண் பிள்ளை என்று தெரிந்ததும் கலைத்துவிடுகிற பாவிகளுக்காகப் போட்டது. அதை உலகநாதனுடைய வலது கண்ணின் மேல் போட்டதுதான் குழுவின் கைங்கரியம்.

கண் டாக்டர் ரீட்டா சின்ன வயதுப் பெண். கருவியைப் பயன்படுத்தப் படித்தவள் அந்த மருத்துவமனையில் அவள் ஒருத்திதான். வந்த நாள் முதல் கருவியைத் தொட்டதில்லை.

"லேசர் வெச்சு வடிகாலுக்கு வழி பண்ணியிருக்காங்க ஐயா" என்று அவள் சொன்னாள். "அது தொறந்தே இருக்கா, மறுபடியும் ஒட்டிக்கிச்சான்னு பார்க்கணும். கருவிழி மங்கலா இருக்கறதால லென்ஸ் வெச்சுப் பார்த்தா எனக்குத் தெரியல. இந்த மிஷின்லதான் தெரியும். ஒட்டியிருந்தா உடனே இன்னொரு லேசர் வெக்கணும்."

"வெக்கலனா?" என்றாள் ஆண்டாள்.

"இருக்கறதும் போயிடும்."

வடிகால் என்றால் உலகநாதனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி தோறும் அடைத்துக்கொண்ட வாய்க்காலுக்காகப் பக்கத்து நிலத்துக்காரனோடு சண்டை போடுகிறவர். "மழை வர்றதுக்குள்ள பாத்துடணும்னு சொல்றீங்க" என்றார். ஆமாம் என்றாள் ரீட்டா.

பார்க்க வேண்டுமானால் பீரோ திறக்க வேண்டும். பீரோ திறக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் முதல் கட்டத்தில்தான் வீரமணி விலக்குத் தேதி கேட்டார்.

"இல்லன்னு போடுங்களேன்" என்றாள் ஆண்டாள்.

"போட்டுப் பாத்தன்மா. 'கர்ப்பிணி எண் இல்லாமல் மேலே செல்ல முடியாது'ன்னு வருது. கண்ணுன்னு ஒரு கட்டமே இல்ல. மேல எழுதிக் கேட்டேன். கேட்டு ஏழு மாசம் ஆவுது." வீரமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வழி இருக்குது. செவ்வாக்கெழம கர்ப்பிணி நாள். அங்க போய் ஐயாவுக்கு ஒரு நம்பர் மட்டும் வாங்கிகினு வந்துடுங்க. சும்மா ஒரு நம்பருதான். யாரு பாக்கப் போறாங்க."

செவ்வாய்க்கிழமை வரிசையில் உலகநாதன் முப்பத்தொன்றாவது. முன்னாலும் பின்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். ஒரு பெண் எழுந்து, "நீங்க குந்துங்க தாத்தா" என்று இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். அன்று முழுக்க யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் களைப்பு.

நர்ஸ் செல்வகுமாரி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "யாருக்குமா?" என்றாள்.

"இவருக்கு" என்று ஆண்டாள் வீரமணியின் சீட்டை நீட்டினாள்.

செல்வகுமாரி சீட்டைப் படித்தாள், உலகநாதனைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "போன ஐப்பசியில ஒருத்தரு கிட்னி கல்லுக்கு வந்தாரு. அவருக்கு ஏழாம் மாசம் நடக்குது. சரி, எடை மிஷின்ல ஏறுங்க."

அறுபத்திரண்டு கிலோ. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். வயது அறுபத்து நாலு என்றதைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. செல்வகுமாரி எண்களை மாற்றி நாற்பத்தாறு என்று போட்டாள். ஏற்றுக்கொண்டது. ஆனால் நாற்பத்தாறில் கர்ப்பம் ஆபத்தானது என்று அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது. ஒட்டினாள்.

"கணவர் பேரு?"

"ஆண்டாள்னு போட்டுக்குங்க" என்றாள் ஆண்டாள்.

"தேதி ஒண்ணு வேணுமே. கடைசியா என்னிக்குன்னு எதையாவது சொல்லுங்க."

உலகநாதனுக்கு ஒரே ஒரு தேதிதான் நினைவில் இருந்தது. "மாசி பதினெட்டு. லேசர் வெச்ச அன்னிக்கு."

செல்வகுமாரி நாள்காட்டியில் பார்த்து மார்ச் ரெண்டு என்று போட்டாள். "முதல் தடவையா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது கண்ணு."

"முதலாவது?"

"போயிடுச்சும்மா" என்றார் உலகநாதன்.

செல்வகுமாரி அதையும் எழுதிக்கொண்டாள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, பிரசவத் தேதி டிசம்பர் ஏழு என்று சொன்னது. அட்டையும் முப்பது இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாள். "காலையில சாப்பாட்டுக்கு அப்பறம்" என்றாள், பழக்கத்தில்.

நம்பர் கிடைத்துவிட்டது. இனி பீரோ திறக்கும் என்று ஆண்டாள் நம்பினாள். வீரமணியும் நம்பினார். ஆனால் அந்தக் கருவியில் முதல் ஸ்கேன் என்பதால் குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து அரக்கை உடைக்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். கூடித்தான் யார் வருவது என்று முடிவு செய்வார்கள். அடுத்த கூட்டம் ஏப்ரல் கடைசியில், வருகிற தேதியை அதற்கப்புறம்தான் குறிப்பார்கள்.

காத்திருந்தார்கள். அதற்குள் நம்பர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு காலையில் உலகநாதனின் போன் ஒலித்தது. ஆண்டாள் எடுத்துப் படித்தாள். 'வாழ்த்துகள். உங்கள் கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரம். குழந்தை இப்போது ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும். மகிழ்ச்சியாக இருங்கள்.' அடுத்த வாரம் எலுமிச்சம்பழம். அங்கன்வாடியிலிருந்து சத்துமாவுப் பொட்டலம் வந்தது. சிவப்பு ஸ்டிக்கர் என்பதால் ரெட்டிப்பு. கொண்டுவந்தவள் வாசலில் நின்று, "கர்ப்பிணியைக் கூப்பிடுங்க, கையெழுத்து வாங்கணும்" என்றாள். உலகநாதன் வந்து கையெழுத்துப் போட்டார். அவளும் எதுவும் கேட்கவில்லை. பொட்டலம் தீர்ந்தால் போதும் என்று இருந்தாள்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் மட்டும், "இன்னா ஆண்டாளு, வூட்டுக்காரருக்கு மசக்கையா?" என்று தினமும் கேட்டாள். "வளைகாப்பு எப்பன்னு சொல்லிடு, வளையல் நான் வாங்கியாறன்." முதல் வாரம் ஆண்டாளும் சிரித்தாள். ரெண்டாவது வாரம் உலகநாதன் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போய்ச் செம்புக்குப் பக்கத்தில் கையை வைத்தார். மூன்றாவது வாரம் வரப்பிலிருந்து கால் தவறி நாற்றங்காலில் விழுந்தார். அதற்கப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சத்துமாவை உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

வேறு எங்கேயாவது காட்டலாம் என்று ஆண்டாள் ஒரு நாள் அவரைத் தனியார் ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனாள். அங்கே நம்பரைத் தட்டினார்கள். 'இந்தக் கர்ப்பம் வேறு மையத்தில் பதிவாகியுள்ளது' என்று வந்தது. ஒரு கர்ப்பத்துக்கு ரெண்டு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் எங்களை உள்ளே வைத்துவிடுவார்கள் அம்மா, போய்விடுங்கள் என்று கைகூப்பினார்கள்.

ஜூன் எட்டாம் தேதி அரக்கு உடைந்தது. உலகநாதனுக்குப் பதினான்காவது வாரம். குழுத் தலைவர் தமிழ்க்குமரனே வந்திருந்தார். கருவி அறையில் மேசை போட்டு, மேசை மேல் துண்டு விரித்து, மைக் வைத்திருந்தார்கள். கேட்பதற்கு ஆண்டாளும் உலகநாதனும் ரீட்டாவும் வீரமணியும் இருந்தார்கள்.

"இந்தக் குழு அமைந்து ஆறு ஆண்டுகள் நிறைவுறுகின்றன" என்றார் தமிழ்க்குமரன். "இந்த ஆறு ஆண்டுகளில் கண் கருவியின் மீது ஒரு புகார்கூட வந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எப்படி இது சாத்தியமானது? ஒரு ஸ்கேன்கூட எடுக்க விடவில்லை. சிலர் கேட்கிறார்கள், கண்ணுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், சம்பந்தம் இல்லை என்று எந்தக் கோப்பில் இருக்கிறது? மனிதனுக்கு உள்ளே இருப்பதை வெளியே இருப்பவர் பார்க்கிறார். அதுதானே குற்றத்தின் ஆரம்பம்? நாங்கள் நோயாளிக்கு எதிரி அல்ல. நோயாளி வராத மருத்துவமனைதான் ஒழுங்கான மருத்துவமனை என்று என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான்."

வீரமணி கை தட்டினார். ஒரு ஆள் தட்டுகிற கைதட்டல் அந்த அறையில் நெடுநேரம் கேட்டது.

ரீட்டா உலகநாதனைப் படுக்க வைத்து, இமைகளுக்கு நடுவே சின்னக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி நீர் ஊற்றி, கருவியின் முனையை அந்த நீரில் வைத்தாள். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ தெரிந்தது. தமிழ்க்குமரன் திரையைப் பார்க்கவில்லை. ரீட்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தெரிவதைச் சொல்லாலோ சைகையாலோ முகக்குறிப்பாலோ நோயாளிக்கும் உறவினருக்கும் தெரிவிக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ரீட்டா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, தொறந்திருக்கா, மூடிகிச்சா?" என்று உலகநாதன் படுத்தபடியே கேட்டார்.

"பதில் சொல்லக் கூடாது" என்றார் தமிழ்க்குமரன். "படத்தை உறையில் போட்டு ஒட்டுங்கள். பிரசவம் முடிந்த பிறகு தரலாம்."

உறையின் மேல் வீரமணி தேதி எழுதினார். டிசம்பர் ஏழுக்குப் பிறகு திறக்கவும்.

அன்று மதியம் தண்ணீர்த் தொட்டி பக்கம் ரீட்டா ஓடி வந்தாள். "மூடிக்கிச்சு ஐயா. முக்கால்வாசி ஒட்டிக்கிச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள லேசர் வெச்சே ஆவணும்." ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தாள். ஆண்டாளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. தெரிந்துவிட்டது என்கிற நிம்மதிதான் முதலில் வந்தது. அடுத்த நாளே தாளை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். லேசர் அறைக்காரர்கள் தாளைப் புரட்டிப் பார்த்து, படம் எங்கே என்றார்கள். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் எங்கே சுடுவது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். இந்தக் கதை முழுவதிலும் ஆண்டாள் கேட்ட ஒரே நியாயம் அதுதான், அதனால் அவளால் சண்டையும் போட முடியவில்லை.

திரும்பி வந்து ரீட்டாவைத் தேடினால், அவளை மாஹேவுக்கு மாற்றியிருந்தார்கள். தொட்டியருகே நோயாளியோடு நாலு நிமிஷம் பேசியதை யாரோ பார்த்து எழுதிப்போட்டிருந்தார்கள். இதே அரசாங்கத்துக்குச் சொந்தமாக, எங்கோ கேரளத்துக் கடற்கரையில் கிடக்கிற மாஹேவிலிருந்து அவள் ரெண்டு தடவை போன் செய்தாள். ரெண்டு தடவையும், "படம் வந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

ஆண்டாள் வீரமணியின் மேசைக்குத் தினமும் போனாள். உறை அவருக்குப் பின்னால் பீரோவில்தான் இருந்தது. எட்டி எடுத்தால் எடுத்துவிடலாம்.

"எனக்குத் தெரியாதா மா" என்றார் வீரமணி. "கர்ப்பம் முடிஞ்சுதுன்னு பதிவாயிட்டா அன்னிக்கே குடுத்துடுவேன். குழு கூடட்டும். நானே எடுத்துச் சொல்றன்."

குழு ஜூலை கடைசியில் கூடியது. ஆண்டாளையும் உலகநாதனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உலகநாதன் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"கர்ப்பத்தை முடிக்கணும்னு மனு குடுத்திருக்காங்க சார்" என்றார் வீரமணி.

"முடிக்கலாம்" என்றார் தமிழ்க்குமரன் தாராளமாக. "மக்களுக்காகத்தானே இருக்கிறோம். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?"

"நாலு வழி இருக்குது சார். உயிரோட பொறந்தது, செத்துப் பொறந்தது, கலைஞ்சது, தாய் இறந்தது."

குழு ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. உயிரோடு பிறந்தது என்று போட்டால் குழந்தையைக் காட்ட வேண்டும், தடுப்பூசிக்கு ஆள் தேடி வருவார்கள். செத்துப் பிறந்தது என்றால் எந்த டாக்டர் பார்த்தார் என்று வரும், அந்த டாக்டர் மாஹேவில் இருக்கிறாள். கலைந்தது என்று வாயைத் திறக்கவே கூடாது. ஸ்கேன் எடுத்த பிறகு கலைந்தது என்றால் போலீஸ் வரும், பெண் குழந்தையாக இருந்திருக்குமோ என்று கேட்பார்கள், அறையில் இருந்த எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். அறையில் தமிழ்க்குமரனும் இருந்தார்.

"தாய் இறந்தா தணிக்கை வருமே" என்றார் அவர் யோசனையோடு.

"பிரசவத்துல செத்தாதான் சார் வரும். 'வேறு காரணம்'னு ஒண்ணு இருக்குது. அதைத் தொட்டா எதுவும் வராது. சுத்தமா மூடிக்கும்."

ஆண்டாளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. "இவரு இங்க குந்திகினு இருக்காருங்களே" என்றாள்.

"அம்மா, உணர்ச்சிவசப்படக் கூடாது" என்றார் தமிழ்க்குமரன். "உங்கள் வீட்டுக்காரர் இறந்ததாக யார் சொன்னது? அவர் நூறு வருஷம் இருக்கட்டும். பதிவேட்டில் உள்ள நாற்பத்தாறு வயது கர்ப்பிணி இறந்துவிட்டார் என்றுதான் சொல்கிறோம். அவருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லனா அந்தப் படத்த குடுத்துடுங்களேன்" என்றாள் ஆண்டாள்.

"அதற்குத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்" என்றார் தமிழ்க்குமரன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

உலகநாதன் மெல்ல, "வுடு ஆண்டாளு. போட்டுக்கட்டும். படம் வந்தா சரி" என்றார். வீரமணி தட்டினார். கம்ப்யூட்டர் யோசித்தது. திரையில் வந்ததை அவர் முதலில் சந்தோஷமாகவும் பிறகு மெதுவாகவும் படித்தார். 'பதிவு நிறைவுற்றது. சம்பந்தப்பட்டவர் காலமானதால் ஸ்கேன் படம் வாரிசுச் சான்றிதழின் பேரில் வாரிசுதாரருக்கு மட்டும் வழங்கப்படும். ஆழ்ந்த இரங்கல்.'

"பார்த்தீர்களா, வழி இல்லாமல் போகவில்லை" என்றார் தமிழ்க்குமரன். "வாரிசு பக்கத்திலேயே இருக்கிறார்கள்."

பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் காலம் இது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இறப்புச் சான்றிதழ் தானாகவே தயாராக இருந்தது. அதை வாங்கத் தாமதம் ஆகவில்லை. இந்த ஊரில் உயிரோடு இருப்பதற்கு வாங்குகிற காகிதம்தான் தாமதமாகும் போலிருக்கிறது என்று ஆண்டாள் நினைத்துக்கொண்டாள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும். ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. உலகநாதன் அவள் தோளில் கை வைத்து நடந்தார். வலது கண் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்குது, இருக்குது, வெளிச்சம் நல்லாத் தெரியுது" என்பார். எவ்வளவு தெரிகிறது என்று அவள் அழுத்திக் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது.

தாலுகா ஆபீசில் மஞ்சுளா என்கிற பெண் தலை நிமிராமல் எழுதுகிறவள்.

"இறந்தவர் பேரு?"

"உலகநாதன்."

"நீங்க இன்னா உறவு?"

"சம்சாரம்."

"கூட இருக்கறது யாரு?"

ஆண்டாள் அவரைப் பார்த்தாள். "அவருதான்" என்றாள்.

"சாட்சின்னா வெளிய வேப்ப மரத்தாண்ட நிக்கச் சொல்லுங்க, அப்பறமா கூப்புடறன்." மஞ்சுளா படிவத்தைத் திருப்பினாள், போட்டோவைப் பார்த்தாள், முதல் முறையாக நிமிர்ந்தாள். "இன்னாமா இது. போட்டோல நெத்தியில குங்குமம், கழுத்துல தாலி. தாசில்தார் ஒத்துக்க மாட்டாரு. புருசன் செத்தவங்க மாதிரியா இருக்குது இது? எதிர்லியே ஸ்டூடியோ இருக்குது. வேற எடுத்துகினு வந்துடுங்க, இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடறன்."

இன்னிக்கே என்ற வார்த்தையை ஐந்து மாதத்தில் ஒரு அதிகாரியின் வாயிலிருந்து ஆண்டாள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவரை மரத்தடியில் நிற்க வைத்தாள். எங்கேயும் நகராதீங்க, வந்துடறன் என்றாள். ஸ்டூடியோ வாசலில் குழாய் இருந்தது. நாற்பது வருஷமாக அந்த நெற்றி ஒரு நாள்கூட வெறுமையாக இருந்ததில்லை, பிரசவத்திலும் இல்லை, மாமியார் செத்த அன்றும் இல்லை. தண்ணீரைத் தொட்டு ஒரு தடவை தேய்த்தாள், போகவில்லை. முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் கொஞ்சம் சிரிங்கம்மா என்று சொல்ல வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது உச்சி வெயில். பையில் குங்குமச் சிமிழ் இல்லை, வீட்டில் இருந்தது. இந்தக் கோலத்தில் அவர் எதிரில் போய் நிற்க வேண்டுமே என்று ஸ்டூடியோ வாசலிலேயே நின்றாள். மனுஷன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், கர்ப்பிணி வரிசையில் நின்றார், சத்துமாவு தின்றார், செத்தும் போனார். இதை மட்டும் பொறுக்க மாட்டார், கத்துவார், படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று பயந்தாள். முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். காற்றில் முந்தானை நழுவி விழுந்தது. எடுத்துப் போடுவதற்குள் அவள் காலடிச் சத்தம் கேட்டு அவர் திரும்பிவிட்டார்.

ஒரு கை தூரத்தில், முழு வெளிச்சத்தில், அவள் முகத்துக்கு நேராக அவர் முகம் இருந்தது.

"ஆண்டாளா?" என்றார். "போட்டோ எடுத்தாச்சா?"

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எடுத்தாச்சுங்க" என்று சொல்லி, அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, ஆண்டாள் அந்தக் கண்ணின் படத்துக்காக மஞ்சுளாவின் வரிசையில் போய் நின்றாள்.